விலாசம்

முப்பத்தொரு வருசம் தபால் பை சுமந்தவன் நான்.
பனிக்கெலைத் தோட்டம் முழுவதற்கும் ஒரே விலாசம்:
ஆபீசு, பச்சை ஜன்னல், வாசலில் ஒரு நாய்.
ஆறு லயம், நூற்றுப் பதினாலு காம்பரா,
ஒன்றுக்கும் இலக்கமில்லை.
வந்த கடிதம் கிளாக்கர் மேசையில் கிடக்கும்,
சில நேரம் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில்.
செல்லக்கனிக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதத்தை
பரீட்சை முடிந்து ஒன்பதாம் நாள் கொடுத்தேன்.
அவள் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

பதுளை ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை கிளினிக்.
டொக்டர் நிலக்ஷி பாதித் தமிழில் பேசிக்கொண்டே
மருந்துத் துண்டின் பின்பக்கம் ஒரு வட்டம் கீறினார்.
இது உங்கள் குடலில் ஒரு கலம்.
வட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடு.
இதெல்லாம் ஏற்பி.
தபால்பெட்டி மாதிரியா, என்றேன்.
சிரித்தார். சரி, தபால்பெட்டி.

‘வளர்’ என்று ஒரு கடிதம் வரும்.
பெட்டி வாங்கி உள்ளே சொல்லும்.
கலம் இரண்டாகும், பிறகு ஓயும்.
காயம் மூடுவதும் குடல் சுவர் புதுசாவதும்
அப்படித்தானாம்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு
சுவர் நிறையப் பெட்டி!

சில கலம், என்றார், பெட்டியைக் கூட்டிக்கொள்ளும்.
சில கலம் தனக்குத் தானே எழுதும்,
தானே போடும், தானே பிரிக்கும்.

மூன்றாம் லயத்து அருளாயி அப்படிச் செய்தாள்.
மகன் கட்டாருக்குப் போய் நாலு வருசம் சத்தமில்லை.
பண்டாரவளைச் சந்தைக்குப் போன அன்று
தன் பெயருக்கே ஒரு கடிதம் போட்டாள்.
உறையில் பக்கத்துக் காம்பராப் பையனின் கையெழுத்து.
தெரிந்தும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வாசலில் நின்று எல்லாருக்கும் காட்டினாள்.

பெட்டியின் வாயை அடைக்க மருந்து உண்டாம்.
அதற்கு முன் என் சதைத்துண்டு கொழும்புக்குப் போக வேண்டும்.
ரிப்போர்ட்டுக்கு விலாசம் கேட்டார்கள்.
ஆபீசு, என்றேன்.
வேறு என்ன சொல்ல.

ஐந்து கிழமை.
கடைசியில் நானே போய்க் கேட்டேன்.
புதுக் கிளாக்கர், சின்னப் பையன்,
லாச்சியில் உரக் கணக்குக்குக் கீழே இருந்து எடுத்தான்.
அங்கிள், பெயர் சரியா பாருங்க.
என் பெயர்தான். மருதவீரன்.
பிரிக்காமல் பதுளைக்குக் கொண்டுபோனேன்,
கடமைக்குப் போவதுபோல.

டொக்டர் இரண்டு முறை வாசித்தார்.
பெட்டியை அடைத்துப் பலனில்லை, மருதவீரன்.
கோளாறு உள்ளே. அதன் பெயர் கே-ராஸ்.
கடிதம் வராமலே வந்ததென்று சொல்லிக்கொண்டிருக்கிறது.
வேறு மருந்து இருக்கிறது,
வருகிற செவ்வாய் தொடங்கலாம்.
தலைமயிர் கொஞ்சம் கொட்டும், பயப்பட வேண்டாம்.
நான் தலையைத் தடவிக் காட்டினேன்.
கொட்ட என்ன இருக்கிறது?

கடைசி பஸ். எல்லைக்கு மேலே மூடுபனி,
ஜன்னல் கண்ணாடியில் யாரோ விரலால் எழுதிய பெயர் வழிந்தது.

முப்பத்தொரு வருசத்தில்
அடுத்தவர் கடிதம் ஒன்றையும் நான் பிரித்ததில்லை.
இரவில் வயிற்றில் கைவைத்துப் படுக்கிறேன்.
உள்ளே எவனோ
யாரும் போடாத கடிதத்தை
எழுத்துக்கூட்டி வாசிக்கிறான்,
முடிந்ததும்
மறுபடி முதலில் இருந்து.