இரண்டாம் மாடி, கடை எண் 27

மேம்பாலம் வந்தபின்
என் கடையும் பஸ்ஸும் ஒரே உயரம்.
ஐந்து ரோட்டு வளைவில் வேகம் குறைகிற நேரம்
யாராவது ஒருவர் என்னைப் பார்க்கிறார்.
நானும் பார்க்கிறேன்.
நடுவே பன்னிரண்டு அடி காற்று.

நகரும் படிக்கட்டு நின்று நாலு வருஷம்.
இப்போது அது வெறும் படிக்கட்டு,
உயரம் ஒத்துவராமல் முட்டி வலிக்கிறது.
திறந்த புதிதில் அதில் ஏறிப் பார்க்க
ஓமலூரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள்.

தியேட்டர் இருந்த மாடியில் நீட் கோச்சிங்.
பிள்ளைகள் லிஃப்டில் போய் லிஃப்டில் இறங்குகிறார்கள்;
லிஃப்ட் இரண்டில் நிற்காது,
பட்டன் உள்ளே போய்விட்டது.

அட்வான்ஸைக் கேட்டால் ஜம்புலிங்கம்
"பார்ட்டி அமையட்டும்மா" என்கிறார்.
ஆஸ்பத்திரிக்காரர்கள் இருமுறை வந்து
டேப் வைத்து அளந்தார்கள்,
என் தையல் மிஷினை நகர்த்தச் சொல்லாமலே.

முன்பு ஜன்னலில் மலை தெரியும்.
இப்போது ஏற்காடு பஸ் நனைந்து வந்தால்
மொட்டைமாடித் துணியை எடுக்க ஓடுகிறேன்.

நேற்று பொம்மையைப் பாலத்தின் பக்கம் திருப்பினேன்.
யாரோ தைக்கக் கொடுத்து வாங்காமல் போன
மாம்பழ நிற ஜாக்கெட்டை மாட்டி,
அட்டையில் பெரிதாக போன் நம்பர்.

இன்று மாலை ஒரு குரல்:
"அக்கா, பஸ்ல போறேன். அந்த ஜாக்கெட்...
கடைக்கு எப்படி வர்றது?"

பாலம் முடியற எடத்துல இறங்கி
வந்த வழியே திரும்பி நட,
மருந்துக்கடைச் சந்து, பின்வாசல்,
இருட்டா இருக்கும், பயப்படாத,
நின்னுபோன படி ஒண்ணு வரும்

சிக்னல் போயிருந்தது.
எந்த இடத்தில் போனதென்று தெரியாமல்
முழு வழியையும் சொல்லி முடித்தேன்.