ஆடின கையா, அச்சா

கோத்தகிரி மார்க்கெட்டுக்கு மேலே
ரப்பர் ஸ்டாம்ப் கடை என்னுடையது.
கை நடுங்கிக் குத்தினால்
'தலைமையாசிரியர்' இரண்டாய் விழும்,
அந்தத் தாளில் மட்டும்.
ரப்பரிலேயே இரண்டாய் வெட்டியிருந்தால்
அந்தப் பள்ளிக்கூடத்து டி.சி. ஒவ்வொன்றிலும்
இரண்டு தலைமையாசிரியர்.
காசைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.
மீதியை லென்ஸ் சொல்லும்.

சிவபாக்கியம் லீஃப் வண்டியிலிருந்து இறங்கி
நேராகக் கடைக்கு வந்தாள்.
முந்தானை முடிச்சில் ஒரு மஞ்சள் ஐந்து ரூபாய்.
"லட்சம் போகுமாம். டிரைவர் சொன்னான்."

சிங்கத்தின் காலடியில் பொடி எழுத்து.
ஒவ்வொன்றையும் ஒட்டி இன்னொன்று.
"என்னா எழுதியிருக்கு?"
"உண்மைதான் ஜெயிக்கும்னு."
"அதுவா ரெண்டா இருக்கு?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு லென்ஸை வைத்தேன்.

அச்சில் பிறந்த இரட்டை உருண்டு நிற்கும்.
எழுத்தைப் பருக்கவைக்கும்.
முனையில் மீன்வால் மாதிரி ஒரு பிளவு,
நடுவே மயிரிழைக்கு ஒரு வாய்க்கால்.
இயந்திரத்தின் இரட்டை வேறு.
அடித்துவிட்டு எழும் நேரத்தில்
பிடி தளர்ந்த அச்சு ஒரு துள்ளல் துள்ளும்;
அப்போதுதான் எழும்பிய எழுத்தின்
தோளைச் சீவிவிடும்.
சீவின இடம் தட்டையாய், பளபளவென்று,
தேயிலைச் சரிவில் வெட்டிய படி போல.
எழுத்துக்கு அது எதையும் கொடுப்பதில்லை,
எழுத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

தட்டையாகத்தான் தெரிந்தது.
"மெஷின் ஆடியிருக்கு. அஞ்சு ரூபாய் அஞ்சு ரூபாய்தான்."
"ஆடாத மெஷின் ஏது? எங்க ரோலரும்தான் ஆடுது"
என்று முடிந்துகொண்டாள்.
படி இறங்கியவள் திரும்பினாள்:
"அச்சிலயே இருந்தா?"
"இதே மாதிரி இன்னொண்ணு எங்கயாவது சுத்தும்.
அச்சு ஒரு காசோட நிக்காது."

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
ஒரு மே மாதம், மலர்க்காட்சிக் கூட்டம்.
புனேக்காரர் ஒருவரிடம்
ஒரு தட்டைப் படியை 'அச்சு' என்று
நாலாயிரத்துக்குக் கொடுத்தேன்.
பொய் என்று தெரிந்து சொல்லவில்லை.
எனக்குத் தெரியாது என்பது தெரிந்தும் சொன்னேன்.
அன்றிலிருந்து என் கண்
முதலில் தட்டையைத்தான் தேடுகிறது.
தேடினால் கிடைக்காமலா போகும்.

வெள்ளிக்கிழமைதோறும் சம்பளம் மாற்றிக்கொண்டு வந்தாள்.
கைநிறைய மஞ்சள் காசு.
ஒன்றில் நெயில் பாலிஷ்,
ஒன்று பஸ் சக்கரத்தில் நசுங்கியது,
ஒன்றில் யாரோ ஆணியால் கீறிய 'ர'.
இல்லை, இல்லை, இதுவும் இல்லை.
"சரி" என்பாள், அரிசிக்கடைக்குப் போவாள்.
ஒரு வாரம் எனக்கே சலித்து,
பார்க்காமலே இல்லை என்றேன்.
அவளுக்குத் தெரிந்திருக்கும்.
மறுவாரமும் வந்தாள்.

ஐப்பசி. மூன்று நாளாய் மழை.
கண்ணாடி மேசைமேல் இரண்டு காசு வைத்தாள்.
"ஒண்ணு அந்தப் பழசு.
இன்னொண்ணு கட்டபெட்டு டீக்கடையில மீதி வாங்கினது."

லென்ஸ் இல்லாமலே தெரிந்தது.
அதே எழுத்து, அதே பக்கம், அதே சாய்வு.
அச்சு அசல் என்று
எத்தனையோ பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்,
வாயால்.

லென்ஸை எடுக்கும்போது கரண்ட் போனது.
கதவைத் திறந்தால் மஞ்சு உள்ளே வந்து நின்றது.
மஞ்சின் வெளிச்சத்துக்குப் பக்கம் கிடையாது.
உருட்சி தெரிய ஒரு சாய்ந்த வெயில் வேண்டும்;
இதில் எல்லாமே தட்டை,
என் கட்டைவிரல் நகம்கூட.
முதல் நாளும் இப்படித்தான்
வெளிச்சம் இருந்ததோ?

ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன்,
வாசலுக்கு, மறுபடி மேசைக்கு.
திருப்பினேன், சாய்த்தேன், துடைத்தேன்.

"எது பழசுன்னு குழப்பிடாதீங்க" என்றாள்.

குழப்பியிருந்தேன்.