நாற்பத்து மூன்றாவது கணினி

ஹாப்சாலு நகராட்சி, இரவு இரண்டு மணி.
நாற்பத்திரண்டு கணினிகள்
அனுப்பியதை விழுங்கிவிட்டன.
ஒன்று மட்டும் வாய் திறக்கவில்லை.

பிங் அடித்தால் பதில் உண்டு.
கடவுச்சொல் சரி.
பதிவேட்டில் ஒரே வரி, பதினேழு முறை:
சான்றிதழ் செல்லாது.

பூட்ஸை மாட்டிக்கொண்டு
பனியில் துறைமுகத்துக்கு நடந்தேன்.
காவலாளி ரைவோ கொட்டாவியோடு சாவி தந்தார்:
"அது நல்லாத்தானே ஓடுது?"

படகுச்சீட்டு அறை. மேசைக்கடியில்
தூசி, ஒற்றைக் கையுறை.
திரை மூலையில் தேதி:
2009, ஜனவரி ஒன்று.

அதன் கணக்கில்
எங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.
பதினேழு முறையும்
பொய்க்காரி நான்தான்.

காசளவு மின்கலம். மாற்றினேன்.
ஒரே தாவலில் இன்றைக்கு வந்து சேர்ந்தது,
மூச்சுக்கூட வாங்காமல்.

நிறுவல் பட்டை ஊர்ந்துகொண்டிருக்க
அந்தக் கையுறையை
ரேடியேட்டர் மேல் வைத்தேன்.
யாருடையதோ.