ஆகத்தம்மாளுக்கு ஒன்று

செவ்வாய்ப்பேட்டை, மாதையன் பட்டறை.
மரப்பெட்டி நிறைய அச்சுகள்:
கண், கை, கால், தொட்டில்,
மாடி வைத்த வீடு, தேள்கூட இருந்தது.
நான் கேட்டது இல்லை.

காது கேட்காதவர் போல இன்னொரு முறை கேட்டார்.
இன்னொரு முறை சொன்னேன்.
பையன்கள் சுத்தியலை நிறுத்தினார்கள்.
"எந்தச் சாமிக்கும்மா?"
ஏற்காட்டில், எங்கள் எஸ்டேட் குருசடியில்
ஆகத்தம்மாள். கன்னி, வேதசாட்சி.

உங்களுக்குத் தெரியாது மாதையன்.
எரிமலை உள்ள தீவு, எந்தக் காலமோ.
ஆளுநன் பெண் கேட்டான். மாட்டேன் என்றாள்.
அவள் கதை அவ்வளவுதான்,
மிச்சமெல்லாம் அவன் செய்தது.
குறடு கொண்டுவரச் சொன்னான்.

மாதையன் தன் கையிலிருந்த குறட்டைக்
கீழே வைத்தார்.

சுரூபத்தில் அவள் கையில் ஒரு தட்டு,
தட்டில் உருண்டையாய் இரண்டு.
லைன்வீட்டுப் பிள்ளைகள் பன் என்பார்கள்.
திருநாள் பூசை முடிந்ததும்
நிஜமாகவே பன் கொடுப்பதால்
அதில் தப்பில்லை.
ஞானோபதேச வகுப்பில் நான் கேட்டபோது
சிஸ்டரும் "அப்பம்" என்று பக்கத்தைத் திருப்பினார்.

பெரியாஸ்பத்திரியில் கேட்டார்கள்:
"கல்யாணம்?"
இல்லை.
"பால் கொடுத்திருக்கீங்களா?"
மன்றாட்டு மாலையில் கைகூப்பிச் சொல்லும் சொல்
அங்கே ஒரு கட்டம்.
நர்ஸ் அதில் ஒரு கோடு போட்டாள்.

இருபத்தொரு வருஷமாகக் காப்பிப்பழம் நிறுக்கிறவள் நான்.
யார் மூட்டையிலும் ஐம்பது கிராம் பிடித்ததில்லை,
மழையில் நனைந்த சாக்குக்குக்கூட
ஆள் முன்னால்தான் கழிப்பேன்.
சீட்டில் எழுதியிருந்தது:
ம. ரெஜினாள், 44, இடது, அறுநூற்று நாற்பது கிராம்.
என்னைக் கூப்பிட்டு
யாரும் தராசைக் காட்டவில்லை.

அன்றிரவு பேதுரு சிறைக்குள் வந்து
அவளைக் குணமாக்கினார் என்பார்கள்.
எனக்கு அது பிடித்ததே இல்லை.
விடிந்தால் தணல்மேல் உருட்டப்போகிற உடம்பு,
அதற்கு எதற்கு மருந்து?
வடிகுழாயை எடுத்த ராத்திரி
தூக்கம் வராமல் கிடந்தபோது
கொஞ்சம் புரிந்தது.
கொஞ்சம்தான்.

மாதையன் யோசித்து
குங்குமச்சிமிழ் மூடியின் அச்சை எடுத்தார்.
"நுனியில ஒரு பொட்டு வச்சிடலாம்.
ரெண்டு தானேம்மா?"
ஒன்று.
"ஜோடியாத்தானே வைப்பாங்க?"
இன்னொன்று என்னிடம் இருக்கிறது.

ஒரு பையன் சிரித்துவிட்டுப் பயந்தான்.
பிறகு நான் சிரித்தேன்.
கண்ணாடிப் பெட்டிக்குள் எண் அடங்கும்வரை
நின்று பார்த்தேன்.
பதினோரு கிராம். கூலி தனி.

இருபது கொண்டை ஊசி வளைவு.
பஸ் வலப்பக்கம் ஒடிக்கும்போதெல்லாம்
தழும்பு ஒரு நூல் இழுத்தது.
கைப்பையை மடியில் வைக்காமல்
அந்தப் பக்கமே அணைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி ஐந்து. மிளகு காயும் களத்தில்
சாயங்காலமே பனி இறங்கிவிட்டது.
வெள்ளியைத் தட்டில் வைத்தேன்,
பழைய இரண்டின் நடுவே.
வாயில் பன்னோடு ஸ்டெல்வின் எக்கிப் பார்த்தான்:
"அத்த, இது வெள்ளி பன்னா?"
சாமியாருக்கு உடனே
ஒரு மெழுகுவர்த்தியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

"பன் இல்லடா. முலை."

அவன் மென்றதை விழுங்கினான்.
"யாருது?"

ஆகத்தம்மாளைப் பார்த்தேன்.
புதுக் கனத்தில்
தட்டு ஒரு பக்கம் சாய்ந்தமாதிரி இருந்தது.
பதினோரு கிராமுக்குச் சாயாது, எனக்குத் தெரியும்.
இருந்தாலும் கை நீட்டி
நிமிர்த்தினேன்.