கேட் போட்டால் ஒரு வார்த்தை

கொருக்குப்பேட்டை கேட்
ஒரு நாளைக்கு எத்தனை தடவை விழும் என்று
யாரும் எண்ணியதில்லை.
நான் எண்ணுகிறேன்.
விழுந்தால் ஒரு வார்த்தை. அதான் கணக்கு.

ஷேர் ஆட்டோவை அணைத்துவிட்டு
கண்ணாடிக்கு மேலே ரப்பர் பேண்டில் செருகிய
அட்டைக் கட்டை எடுப்பேன்.
டயர் கடை காலண்டரைக் கிழித்து வெட்டியது.
முன்பக்கம் ராகுகாலம்,
பின்பக்கம் இங்கிலீஷ்.

முதல் அட்டை உபிக்விட்டஸ்.
எங்கும் நிறைந்திருப்பது என்று அர்த்தம்.
சாமியைச் சொல்கிறார்கள் போல என்று நினைத்தபடி
ஹேண்டில்பாரைத் துடைத்தேன்.
துணி கறுத்தது.
காலையில்தான் துடைத்திருந்தேன்.
சரி, புரிந்துவிட்டது.

எஃபெமரல்: கொஞ்ச நேரமே இருப்பது.
பின்சீட்டில் லோகம்மா, காலுக்கிடையில் மீன்கூடை.
"ஐஸுதான் அது, வேற இன்னா" என்றாள்.
காசிமேட்டில் ஏற்றிய ஐஸ்
வியாசர்பாடி போவதற்குள் பாதி தண்ணி.
மீதிப் பாதி என் சீட்டுக்கு அடியில்.

எக்ஸாஸ்பரேட்டில்
நாக்கு மூன்று இடத்தில் தடுக்கி விழுந்தது.
பொறுமை இழக்க வைத்தல், எரிச்சலூட்டுதல் என்று
டிக்‌ஷனரி நாலு வரிக்கு இழுத்தது.
நாலாவது வரியில் பிடித்துவிட்டேன்:
அட, பேஜாரு!

அப்புறம் வேகம் எடுத்தது.
பிரவாரிகேட் என்றால் டபாய்க்கிறது.
அப்ஸ்காண்ட் என்றால் அப்பீட்டு.
எங்கள் தெருவில் பால் பல் விழுவதற்குள்
பேசிப் பழகும் வார்த்தைக்கெல்லாம்
அங்கே ஒரு கோட்டு சூட்டு இருக்கிறது.

காலேஜ் பெண் ஒருத்தி கேட்டாள்,
"எதுனா எக்ஸாமா, அண்ணா?"
இல்லைம்மா என்றேன்.
அதற்கு மேல் சொல்ல
அன்றைக்குப் பார்த்து சின்ன கூட்ஸ்.

சொல்லாமல் விட்டது இதுதான்.
கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம்.
இன்னொரு புகைபோக்கி வரப்போகிறதாம்.
டீ உண்டு, மிக்சர் உண்டு,
மேசை மேல் தலையணை கனத்துக்கு ஒரு அறிக்கை.
தமிழில் பன்னிரண்டு பக்கம்,
மீதி அறுநூறும் இங்கிலீஷ்.
எங்கள் ஏரியா பேர் கண்ணில் பட்ட பக்கத்தை மட்டும்
போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தேன்.
ஒரு கட்டத்தில்
'பப்ளிக் ஹெல்த்' என்று போட்டு
எதிரே ஒற்றை வார்த்தை:
நெக்ளிஜிபிள்.

ராத்திரி படத்தைப் பெரிதாக்கி
எழுத்து எழுத்தாகத் தட்டினேன்.
கணக்கில் எடுக்கத் தேவையில்லாதது
என்று வந்தது.
பக்கத்தில் ஸெலின் தூக்கத்தில் இருமினாள்,
பம்ப் தலைமாட்டில் இருந்தது.
இதற்கு நம் பாஷையில் என்ன என்று யோசித்தேன்.
வெகுநேரம் யோசிக்க வேண்டியதில்லை.
ஜுஜுபி.
நானே ஆயிரம் தடவை சொன்னதுதான்,
கடன்காரனிடம், டிராபிக் போலீசிடம்,
விரலைச் சுண்டி, சிரித்துக்கொண்டு.
அந்த விரல் எந்தப் பக்கம் சுண்டும் என்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அடுத்த கூட்டம்.
ஆளுக்கு இரண்டு நிமிஷம் மைக் தருவார்களாம்.
தமிழில் பேசினால் தலையாட்டுவார்கள்,
போன தடவை முனிரத்தினத்துக்கு ஆட்டிய மாதிரி.
அதனால் கடைசி ஒரு வரியை மட்டும்
அவர்கள் போட்ட கோட்டையே போட்டு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

இன்றைக்கு நீள கூட்ஸ்.
நாற்பது வேகன் வரை எண்ணினேன்.
லோகம்மா முதுகில் தட்டினாள்:
"டேய், அந்த ஜுஜுபிக்கு ஆப்போசிட்டு இன்னாடா?"
அட்டையைப் புரட்டினேன்.
சிக்னிஃபிகண்ட்.
"சிக்கனம் இன்னா?" என்றாள்.
சிக்-னி-ஃபி.
"சிக்குனி" என்றாள்,
"காண்டு" என்று முடித்தாள்,
வண்டி முழுக்கச் சிரித்தது.

கேட் தூக்கியாயிற்று.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
காண்டு. அதுவும் சரிதான்.
அட்டையில் எழுதிக்கொள்ள
பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.