பிடரியின் வயது

அவருக்கு அறுபத்தொன்று.
பிடரிக்கு எண்பதுக்குக் குறையாது.
இடுப்புக்கு, என் கணக்கில், இருபத்தைந்து.

புந்தா அரேனாஸ் மருத்துவமனை, திசுப் பரிசோதனை அறை.
காற்று ஜன்னலை உலுக்கும்போதெல்லாம்
நுண்ணோக்கியில் செல்கள் நடுங்குகின்றன.
ஆடு மேய்க்கும் நிக்கானோர் நவெல்கின்
இரண்டு துண்டாக என் முன் கிடக்கிறார்.
ஒன்று, காலர் எட்டாத இடத்தில் எடுத்தது.
மற்றது பெல்ட்டுக்குக் கீழே.

பிறக்கும்போது இரண்டிலும் ஒரே எழுத்து.
எதைத் திறக்கலாம் எதைப் பூட்டலாம் என்று
சொல்லும் புரதங்கள்தாம்
இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கின்றன.
பிடரியில், ஒவ்வொரு வெயிலுக்கும்
ஒன்று ஓடிப்போய் மரபிழையைக் கவ்வி
கத்தரிகளை அவிழ்த்துவிடு என்றது.
நொதிக் கத்தரிகள்.
கொலாஜனைக் கம்பளி கத்தரிப்பதுபோல் கத்தரித்தன.
புதிதாக நெய்ய வேண்டிய மரபணுவிடம்
பிறகு பார்க்கலாம் என்றது அதே புரதம்.
நாற்பது கோடைகள்.
அந்தப் பிறகு வரவேயில்லை.

இடுப்பில் அதற்கு வேலையே இல்லை.
அங்கே இழைகள் இன்னும்
எண்ணெய் வைத்து வாரிய தலைபோல.

பிறகு பி-ஐம்பத்து மூன்று.
எடையை வைத்து இட்ட பெயர்;
எடை போட்டதிலேயே பிழை,
பெயர் மட்டும் நின்றுவிட்டது.
செல்லின் எழுத்து கெட்டால்
நில் என்று கத்த வேண்டிய காவல் அது.
சாயம் ஏற்றினேன்.
பிடரியின் ஓர் ஓரத்தில்
கரு ஒவ்வொன்றும் அடர்பழுப்பு, நெருக்கியடித்து.
காவலுக்குப் பஞ்சமில்லை என்று தோன்றும்.
அத்தனையும் உருக்குலைந்தவை.
நிற்கும், குரைக்காது.

தையல் பிரிக்க வந்தவர்
மாடியேறி வந்து கேட்டார்:
"என்னைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

கூடாதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
பழுப்பு ஓரத்தை நெடுநேரம் பார்த்தார்.
"குரைக்காத நாயை
நாங்கள் பண்ணையில் வைத்துக்கொள்வதில்லை."
வெட்டி எடுத்தாயிற்று, விளிம்பு சுத்தம் என்றேன்.
"மற்ற நாய்கள்?"
அதற்கு என்னிடம் சாயம் இல்லை.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்றேன்.

கண்ணாடித் தகட்டை மாற்றினேன்.
இடுப்பு.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்,
தெரியாத பையன் ஒருவன்
அறைக்குள் வந்துவிட்டதுபோல.
"இவன் வேலைக்கே போகவில்லை போலிருக்கிறது"
என்று சொல்லிச் சிரித்தார்.
அப்போது தையல் இழுத்திருக்க வேண்டும், முகம் சுளித்தார்.

அக்டோபர். ஓசோன் மெலிந்திருக்கும் வாரம்.
குளிர்கிறது, அதனால் யாருக்கும் வெயில் தெரிவதில்லை.
மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்:
காற்றுக்காகத் தெருமுனையில் கட்டிய கயிற்றைப்
பிடிக்கக் குனிந்தார்.
தொப்பி முன்னால் சரிந்தது.
கழுத்துத் துணி
என் மேஜைமேல் கிடந்தது.

ஜன்னலைத் திறக்க முயன்றேன்.
இந்த ஊரில் ஜன்னல்களை
ஆணி வைத்து அறைந்துவிடுகிறார்கள்.

படியில் ஓடினேன்.