அகச்சிவப்பு

ஷாம்ப்-போர்ன் கடற்காற்றில்
ட்ரோன் ஒருமுறை சறுக்கி, நிமிர்ந்து,
கரும்புக்கு மேலே கோடு போடத் தொடங்கியது.
எண்பது மீட்டர். பேட்டரி பாதி.

திரையைப் பார்த்ததும்
லூசியன் வலியாமே பதறினார்:
"எரியுதா?"
இல்லை, இந்தக் கண்ணுக்குச்
செழிப்புதான் சிவப்பு என்றேன்.
வெளிறினால்தான் கவலை.

வெளிறியிருந்தது ஓரிடம்.
பதினான்காம் சாலுக்கு நடுவே
ஒரு லாரி நிற்கும் அளவு.

தண்டுத் துளைப்பானா, வெள்ளைப் புழுவா,
உப்புக் காற்றா என்று நான் அடுக்க அடுக்க
அவர் தொப்பியைக் கழற்றினார், போட்டார்,
மறுபடி கழற்றினார்.

"இந்தப் படம் ஆலைக்குப் போகுமா?"
போகும்.
"மானியம் தர்றவங்களுக்கு?"
அவர்களுக்கும்தான்.

"செண்டுமல்லி, மதாம்.
ஜூலையில தீமிதி.
கடையில ஒரு மாலை
என்ன விலைன்னு உங்களுக்குத் தெரியாது."

அந்தச் சதுரத்தைப் பெரிதாக்கி
மனிதக் கண்ணின் நிறத்துக்கு மாற்றினேன்.
ஆளுயரக் கரும்பு நாலு பக்கமும் மறைத்து நிற்க,
மேலே மட்டும் திறந்து
அத்தனை மஞ்சள்.

குறிப்புப் பெட்டியில் எழுதினேன்:
எரிமலைப் பாறை. சாகுபடிக்கு ஆகாது.

அடுத்த சுற்று ஆகஸ்டில் என்றேன்,
இறக்கைகளை மடக்கியபடி.

"அதுக்குள்ள பாறை வாடிடும்," என்றார்.